கடைசி இடத்துக்கு என்ன விலை?

2018 ஆயுத பூஜை அன்று ராத்திரி, பொரிகடலைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். அக்டோபர் 18. சென்னை நேரு ஸ்டேடியத்தில் சென்னையின் எஃப்.சி.க்கும் நார்த் ஈஸ்ட் யுனைடெட்டுக்கும் ஆட்டம். அதற்கு ஏழு மாதம் முன்புதான் நாங்கள் ஐ.எஸ்.எல். சாம்பியன். ("நாங்கள்" என்று எழுதுவதற்கு மன்னிக்கவும். பத்து வருஷப் பழக்கம், மாறாது.) அரை மணி நேரத்தில் 3-1 என்று முன்னிலை. வடகிழக்கு மழை வந்தால் குன்னூரில் டிஷ் சிக்னல் போய்விடும், அன்றும் போனது. திரும்பி வந்தபோது 3-3. ஓக்பெச்சே பாதி ஆட்டத்துக்குள்ளேயே ஹாட்ரிக் போட்டிருந்தார். கடைசியில் 3-4.

ஆட்டம் முடிந்த கையோடு கூடலூரிலிருந்து போன். என் நண்பன் கேரளா பிளாஸ்டர்ஸ் ஆள். கூடலூர், பந்தலூர் பக்கமெல்லாம் அப்படித்தான். அங்கே செவன்ஸ் ஃபுட்பால்தான் உயிர். நிலம்பூர் மலையிறங்கினால் வந்துவிடும், சென்னை எங்கேயோ இருக்கிறது. "மச்சான், பொரி சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டான்.

அந்த சீசனில் 18 ஆட்டங்களில் இரண்டு வெற்றி, மூன்று டிரா, 13 தோல்வி. மொத்தம் 9 பாயிண்ட், பத்து அணிகளில் பத்தாவது இடம். நடப்புச் சாம்பியன் கடைசி இடத்தில் முடித்தது. அந்த வருஷம் நான் ஒரு ஆட்டம் விடாமல் பார்த்தேன். இதை எழுதும்போது யோசித்துப் பார்க்கிறேன், எனக்கு ஏன் இன்னும் கோபம் தீரவில்லை? தோற்றதற்காக என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அது தப்பு என்று இப்போது தோன்றுகிறது. அதைத்தான் இந்தக் குறிப்பில் எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் தோல்விக் கணக்கை முடித்துவிடலாம், ரொம்ப நேரம் இதில் இருக்க எனக்கும் விருப்பமில்லை. 2014-ல் லீக் சுற்றில் முதலிடம், அரையிறுதியில் பிளாஸ்டர்ஸிடம் போச்சு. 2015-ல் பாதி வழியில் அடிமட்டத்தில் கிடந்து, சென்னை வெள்ளத்தால் சொந்த மைதான அரையிறுதியைப் புனேவில் ஆடி, கோவாவில் நடந்த இறுதியில் கடைசி நிமிஷங்களில் இரண்டு கோல் போட்டு 3-2 என்று கோப்பை. 2016-ல் எட்டு அணிகளில் ஏழாவது. 2018 மார்ச்சில் பெங்களூருவில் போய் பெங்களூருவையே 3-2 என்று அடித்து இரண்டாவது கோப்பை. அடுத்த சீசன்தான் மேலே சொன்ன கடைசி இடம். அதற்கடுத்து, 2019 டிசம்பரில் ஓவன் கொய்ல் கோச்சாக வந்தார், வால்ஸ்கிஸ் 15 கோல் அடித்தார், விறுவிறுவென்று இறுதி வரை போனோம். கொரோனாவால் ஆளே இல்லாத கோவா மைதானத்தில் ஏ.டி.கே.விடம் 3-1 தோல்வி.

இதுவரைக்கும் எனக்குப் புகாரே இல்லை. மேலே, கீழே, மேலே, கீழே. மலை ரோடு மாதிரி வளைந்து போனாலும் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

பிரச்சினை அதற்கப்புறம். 2020-21-ல் எட்டாவது. 2021-22-ல் எட்டாவது. 2022-23-லும் எட்டாவது. சாபா லாஸ்லோ, பாண்டோவிச், பிர்டாரிச் என்று மூன்று சீசனுக்கும் மூன்று கோச்சுகளோடு ஆரம்பித்தோம். அதில் முதல் வருஷம் 20 ஆட்டங்களில் 11 டிரா! பதினொன்று! தோற்றால் திட்டலாம், ஜெயித்தால் ஸ்டேட்டஸ் வைக்கலாம். டிராவை வைத்துக்கொண்டு மனுஷன் என்ன செய்வது? பிறகு கொய்ல் திரும்பி வந்தார். 2023-24-ல் ஆறாவது, பிளே-ஆஃபில் கோவாவிடம் வெளியேற்றம். 2024-25-ல் 13 அணிகளில் 11-வது.

எட்டு, எட்டு, எட்டு. இந்த மூன்று எட்டுகளைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. 2018-19-ன் கடைசி இடத்தைக்கூட ஜீரணித்துவிட்டேன், அது ஒரு விபத்து மாதிரி. எட்டாவது இடம் ஒரு வாடகை வீடு மாதிரி. யாரும் காலி பண்ணச் சொல்லவில்லை, நாமும் சொந்தமாக ஒன்று கட்டப்போவதில்லை.

எங்கள் ஊரில் மே மாதம் நடக்கும் டோர்னமெண்டில் எங்கள் லைன் பையன்கள் பெரும்பாலும் முதல் ரவுண்டிலேயே போய்விடுவார்கள். மறுநாள் காலை டீக்கடையில் கோலியை நிற்கவைத்துக் கேள்வி கேட்பார்கள். "ஏண்டா தம்பி, பந்து வரும்போது எங்கடா பார்த்துட்டிருந்தே?" அவனும் பதில் சொல்வான், கிரவுண்டு ஈரம், அவன் தள்ளிவிட்டான், ரெஃப்ரி பார்க்கவில்லை என்று. அடுத்த மே மாதம் அதே பையன்தான் கோல் போஸ்டில் நிற்பான். தோற்ற ஆளும் அவனே, பழி தீர்க்க வேண்டிய ஆளும் அவனே. நான் கத்தினால் அவன் காதில் விழும்.

சென்னையினில் நான் யாரைத் திட்டுவது? போன வருஷம் தோற்றவர்களில் பாதிப் பேர் இந்த வருஷம் இல்லை. வால்ஸ்கிஸ் கோச்சோடு சேர்ந்து ஜாம்ஷெட்பூர் போனார் (பிறகு ஒருமுறை திரும்பி வந்ததும் உண்டு). சாங்தே 2022 ஜனவரியில் மும்பை போய் அடுத்த சீசனிலேயே நாட்டின் சிறந்த வீரர் விருது வாங்கினார். பையனாக வந்து ஏழு வருஷம் இருந்து கேப்டனும் ஆன அனிருத் தாபா 2023-ல் மோகன் பகான் போனார். போனவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, பிழைப்பு. நல்ல ஆட்டக்காரனுக்கு எட்டாவது இடம் எதற்கு? ஆனால் பார்வையாளன் மட்டும்தான் மாறாமல் இருக்கிறான். பழைய தோல்விகள் எல்லாம் அவன் கணக்கிலேயே ஏறிக்கொண்டு போகிறது. நேரு ஸ்டேடியத்தில் கத்துகிற பி ஸ்டாண்ட் புளூஸ், சூப்பர் மச்சான்ஸ் ஆட்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் தோன்றும். இந்த டீமின் ஞாபகசக்தி இவர்கள்தான், வேறு யாரும் இல்லை.

நானே ஸ்டேடியம் போய்க் கத்தலாம் என்றால் அதுவும் லேசில்லை. மேட்டுப்பாளையத்துக்கு வரும் நீலகிரி எக்ஸ்பிரஸ் சென்னை சென்ட்ரலில் இரவு ஒன்பது மணியைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் கிளம்பிவிடும். ஏழரை மணி ஆட்டம் அப்போது முடிந்திருக்காது. ஸ்டேடியத்திலிருந்து சென்ட்ரல் நடந்து போகிற தூரம்தான், அதுதான் வேடிக்கை. கடைசிப் பத்து நிமிஷத்தைப் பார்த்தால் ரயில் போச்சு, ரயிலைப் பிடித்தால் கடைசிப் பத்து நிமிஷம் போச்சு. பெங்களூருவில் ஆட்டம் என்றால் இன்னும் மோசம், பந்திப்பூர் ரோட்டை ராத்திரி 9 மணிக்கு மூடினால் காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள். மலையிலிருந்து ஒரு டீமைப் பிடித்துக்கொள்வது என்றால் இப்படித்தான்.

கோயம்புத்தூர் மட்டும் பக்கம். மேட்டுப்பாளையம் வழியாக இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம். கோயம்புத்தூருக்கு ஒரு டீம் இருந்தது என்பதே இன்று நிறையப் பேருக்கு ஞாபகம் இருக்காது.

பெயர் என்னவோ சென்னை சிட்டி எஃப்.சி. ஆடியது கோவை நேரு ஸ்டேடியத்தில். ஐ-லீக். கோச் சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ். ஸ்பெயினிலிருந்து நாலைந்து பேர், கூட நம் ஊர்ப் பையன்கள். பெட்ரோ மான்சி அந்த சீசனில் 21 கோல் அடித்தார். 2019 மார்ச் 9 கடைசி ஆட்டம், மினர்வா பஞ்சாபுக்கு எதிராக. ஜெயித்தால் கோப்பை, தவறினால் ஈஸ்ட் பெங்கால் எடுத்துக்கொண்டு போய்விடும். நான் மதியமே பஸ் ஏறிவிட்டேன். ஆரம்பத்திலேயே மினர்வா ஒரு கோல் போட்டுவிட்டது. பாதி ஆட்டத்தில் எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர், "இதுக்குத்தான் நான் வர மாட்டேன்னேன்" என்று யாரிடமோ சொன்னார். இரண்டாம் பாதியில் மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அப்புறம் கௌரவ் போரா இரண்டு கோல். 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்திருந்தது. 43 பாயிண்டுக்கு 42. ஒரே ஒரு பாயிண்டில் தமிழ்நாட்டுக்கு முதல் ஐ-லீக் கோப்பை. ராத்திரி மலையேறும்போது பஸ்ஸில் எனக்குத் தூக்கமே வரவில்லை.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே 2018-19 சீசன். அதே தமிழ்நாடு. ஒரு டீம் 9 பாயிண்டோடு ஐ.எஸ்.எல்.-ன் கடைசி. இன்னொரு டீம் 43 பாயிண்டோடு ஐ-லீக் சாம்பியன். பந்து மட்டும் பேசுகிற உலகமாக இருந்தால் அடுத்த வருஷம் என்ன நடந்திருக்க வேண்டும்?

நடந்தது இது. கடைசியில் முடித்த டீம் அதே லீக்கில் இருந்தது, அடுத்த வருஷமே இறுதிப் போட்டி ஆடியது. முதலில் முடித்த டீம் மேலே ஏறவில்லை, ஏற வழியே கிடையாது. அதோடு விட்டார்களா? அக்டோபரில், கோப்பை வாங்கி ஏழு மாதத்தில், இனி ஐ.எஸ்.எல்.தான் நாட்டின் முதல் நிலை லீக் என்று முடிவானது. சாம்பியன் ஆன டீம் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் இரண்டாம் நிலைக்கு இறங்கியது. சுவிட்சர்லாந்தின் பாசெல் கிளப் அதில் பங்கு வாங்கியபோது கொஞ்சம் நம்பிக்கை வந்தது. 2021-ல் கிளப் லைசென்ஸ் நிபந்தனைகளை நிறைவேற்றவில்லை என்று ஐ-லீக்கிலிருந்தும் வெளியே. கோவை ஸ்டேடியத்துக்கு நான் அதற்கப்புறம் போகவில்லை.

இங்கேதான் என் கோபத்தின் முகவரி கிடைத்தது. எங்கள் கடைசி இடத்துக்கு ஒரு விலையும் இல்லை, அவர்களின் முதலிடத்துக்கும் ஒரு விலையும் இல்லை. ஐ-லீக் சாம்பியன் மேலே ஏறும் வழியை 2022-23 சீசனிலிருந்துதான் திறந்தார்கள், பஞ்சாப் ஏறியது, அடுத்து முகமதன் ஏறியது. கீழே இறங்கும் வழியோ 2024-25 வரை திறக்கவே இல்லை. பிப்ரவரியில் எட்டாவதாக இருக்கும் டீமின் ஆட்டத்தை நான் எதற்குப் பார்க்கிறேன்? ஜெயித்தால் ஏழாவது. தோற்றால் ஒன்பதாவது. இங்கிலாந்தில் அதே நேரத்தில் 17-வது இடத்துக்கும் 18-வது இடத்துக்கும் நடக்கிற சண்டையைப் பாருங்கள், ஆட்கள் மைதானத்தில் உட்கார்ந்து அழுகிறார்கள். தோற்பதற்கு அங்கே அர்த்தம் இருக்கிறது. எங்களுக்கு அந்த அழுகையும் கிடையாது.

என் அப்பா சிறு தேயிலை விவசாயி. இதை அவரிடம் ஒருநாள் விளக்கிக்கொண்டிருந்தேன். "இதுல என்ன புதுசு? நான் ரெண்டு இலை ஒரு கொழுந்துன்னு பார்த்துப் பறிச்சுக் கொண்டுபோனாலும் அதே ரேட்டு, பக்கத்துக்காரன் கரட்டு இலையை அள்ளிட்டுப் போனாலும் அதே ரேட்டு. அப்புறம் எவன் பார்த்துப் பறிப்பான்?" என்றார். ஃபுட்பாலைப் பற்றி எங்கள் வீட்டில் நடந்த ஒரே உருப்படியான விவாதம் இதுதான்.

எதிர்வாதம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. இந்தியாவில் ஃபுட்பால் கிளப் நடத்துவது கையைச் சுடுகிற வேலை. இறங்கினால் ஸ்பான்சர் போய்விடுவான், ஸ்பான்சர் போனால் டீமே இருக்காது, பிறகு நீ யாரைப் பார்த்துக் கத்துவாய் என்று கேட்பார்கள். சரியான கேள்விதான். ஆனால் சென்னை சிட்டி இறங்கியா அழிந்தது? ஜெயித்த டீமைக் காப்பாற்றாத ஏற்பாடு, தோற்கிற டீமை மட்டும் காப்பாற்றுகிறது என்றால் அது யாருக்கான பாதுகாப்பு? கூடலூர் நண்பனையும் உதாரணம் காட்டலாம். பிளாஸ்டர்ஸ் மூன்று இறுதிப் போட்டியில் தோற்றது, ஒரு கோப்பை கிடையாது, ஆனாலும் கொச்சியில் மஞ்சள் சட்டைக் கூட்டம் கூடத்தான் செய்தது. அங்கே தோல்வியே ஒரு சொத்து. சரி, ஆனால் இறுதியில் தோற்பதும் எட்டாவதாகத் தோற்பதும் ஒன்றா? அவன் தோல்விகளுக்குத் தேதி இருக்கிறது. என் தோல்விகளை நானே பிரித்துச் சொல்ல முடியாது.

2025 ஆகஸ்டில், ஃபெடரேஷனுக்கும் லீக் நடத்தும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் முடியப்போகும் இழுபறியில், லீக் நடக்குமா என்றே தெரியாத நிலையில், சென்னையின் தன் வேலைகளைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பதாக அறிவித்தது. 2018-19-ல் 13 தோல்விகளால் நடக்காதது ஒரு காகிதத்தால் நடந்தது. இங்கே ஊட்டியில் இரண்டாம் சீசன் ஆரம்பித்து, பூங்காவில் பூத்தொட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் சீசன் எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை.

கூடலூரிலிருந்து போன் வந்தது. "மச்சான், இந்த வருஷம் நீங்க இன்னும் ஒரு மேட்ச்கூடத் தோக்கலை, கவனிச்சியா?"

அப்பா அந்தப் பக்கமிருந்து, டிஷ்ஷில் ஸ்போர்ட்ஸ் சேனலுக்கு மாதாமாதம் எதற்குப் பணம் கட்டுகிறாய், எடுத்துவிடலாமா என்று கேட்டார். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.