பழுதா, காலாவதியா?

உங்கள் வீட்டு மின்விசிறி சென்ற ஆண்டுபோல் வேகமாகச் சுற்றவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஐந்தில் வைத்தாலும் மூன்றில் வைத்ததுபோல்தான் காற்று வருகிறது. வீட்டில் என்ன சொல்வார்கள்? "வாங்கிப் பத்து வருஷம் ஆயிற்று, அதற்கும் வயதாகாதா? புதிதாக ஒன்று போட்டுவிடலாம்" என்பார்கள். கடைக்காரரும் மறுக்கமாட்டார்.

கடைக்குப் போகுமுன் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டு இறக்கையைக் கையால் மெல்லத் தள்ளுங்கள். உராய்வுச் சத்தம் இல்லாமல் பல சுற்றுகள் சுற்றி ஓய்ந்தால் பேரிங் நன்றாக இருக்கிறது என்று பொருள். வீட்டில் மின்னழுத்தமும் சரியாக இருந்தால், குற்றவாளி பெரும்பாலும் கண்டென்சர்தான். மின்தேக்கி என்று பாடநூலில் படித்தோமே, அதுவே.

கூரை விசிறியில் ஓடுவது ஒருமுனை மின்சாரத்துக்கான தூண்டல் மோட்டார். அதில் இரண்டு கம்பிச் சுருள்கள் உண்டு. இரண்டிலும் மின்னோட்டம் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால் காந்தப்புலம் ஊசலாடுமே தவிரச் சுழலாது. ஒரு சுருளோடு மின்தேக்கியைத் தொடராக இணைத்தால் அந்தச் சுருளின் மின்னோட்டம் மற்றதைவிட முந்திக்கொள்கிறது. இந்தக் கட்ட வேறுபாடுதான் புலத்தைச் சுழல வைக்கிறது. மின்தேக்கியின் மேல் பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருக்கும். உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் படலமும், அதன்மேல் ஆவியாக்கிப் படியவைத்த உலோகப் பூச்சும் இருக்கின்றன. மின்னழுத்தம் திடீரென்று எகிறும்போது படலத்தில் ஊசிமுனையளவு துளை விழும். உடனே துளையைச் சுற்றியுள்ள உலோகம் ஆவியாகிவிட, குறுக்குச்சுற்று ஏற்படாமல் மின்தேக்கி தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பரப்பு போய்விடுகிறது. பரப்பு குறைந்தால் தேக்குதிறன் குறையும் என்பது பன்னிரண்டாம் வகுப்புப் பாடம். என் வீட்டு விசிறியில் அளந்தபோது 1.6 மைக்ரோஃபாரட் இருந்தது. புதிய மின்தேக்கி நூறு ரூபாய்க்குள் கிடைத்தது. (நீங்களே மாற்ற முற்படவேண்டாம், மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கியிருக்கலாம். மின்பணியாளரை அழையுங்கள்.)

ஆக, வயதானது விசிறிக்கு அன்று, அதன் உறுப்பு ஒன்றுக்குத்தான். எந்த உறுப்பு தேய்ந்தது, அதை மாற்ற என்ன செலவு, மாற்றினால் இன்னும் எவ்வளவு காலம் ஓடும் என்று தெரிந்தால் பழையதை வைத்திருப்பதா, புதியது வாங்குவதா என்பதை நாமே கணக்குப் போட்டு முடிவு செய்யலாம். தெரியாவிட்டால் நமக்காக வேறு யாரோ முடிவு செய்வார்கள்.

நான் குடியிருப்பது காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில். இங்கே "தறி பழசாகிவிட்டது, புதுத் தறி வாங்கவேண்டும்" என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. தாத்தா உட்கார்ந்த குழியிலேயே பேரனும் உட்கார்ந்து நெய்கிறார். விழுது நைந்தால் விழுதை மாற்றுவார்கள். நாடா தேய்ந்தால் நாடாவை. மரம் உளுத்தால் தச்சர் வருவார். எந்தப் பகுதியும் மாற்றப்படாத பழைய தறி இந்த ஊரில் ஒன்றுகூட இருக்குமா என்பது சந்தேகம். தறியின் மேலே உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டியும் அப்படித்தான். 1804-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு லியான் நகரில் ஜக்கார்டு என்பவர் உருவாக்கிய அமைப்பின் வழிவந்தது அது. அட்டையில் துளை இருக்கும் இடத்தில் ஊசி நுழைகிறது, கொக்கி உயர்கிறது, பாவு இழை மேலே வருகிறது. துளை இல்லாத இடத்தில் இழை அப்படியே கிடக்கிறது. கெட்டுப்போனது எந்த ஊசி என்பது கண்ணுக்கே தெரியும்.

இப்போது அட்டைக்குப் பதிலாக மின்காந்தங்களும் நினைவகமும் கொண்ட மின்னணு ஜக்கார்டுகள் வந்துள்ளன. அட்டை அடிக்கும் செலவு இல்லை. மயிலை அன்னமாக மாற்றக் கட்டுக்கட்டாகப் புது அட்டை கோக்கவும் வேண்டாம். அடுத்த வீட்டுப் பெரியவர் நாற்பது ஆண்டுகளாக நெய்பவர். ஒருநாள் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "தம்பி, கம்ப்யூட்டர் ஜக்கார்டு போடலாம்னு பையன் சொல்றான். நீங்க பிசிக்ஸ் வாத்தியாராச்சே. அது எத்தனை வருஷம் உழைக்கும்?"

எனக்கு விடை தெரியவில்லை. பெட்டியோடு வந்த விளம்பரத் தாளைப் படித்தேன். கொக்கிகளின் எண்ணிக்கை, வேகம், வண்ணத்திரை எல்லாம் இருந்தன. அவர் கேட்டது மட்டும் இல்லை.

வாங்குகிறவரின் இந்தக் கேள்விக்கு விடையளிக்கத்தான் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுநீக்கக் குறியீடு என்ற ஒன்றை முன்வைத்திருக்கிறது. 2022-ஆம் ஆண்டிலேயே இத்துறை பழுதுநீக்கும் உரிமைக்காக ஒரு குழுவை அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் அதற்கென ஓர் இணையதளமும் தொடங்கியது. 2024 செப்டம்பரில் குறியீட்டுக்கான தனிக் குழு அமைந்து, 2025 மே மாதம் அறிக்கை தந்தது. முதலில் கைபேசிக்கும் கைக்கணினிக்கும் ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் தரவேண்டும் என்பது பரிந்துரை. அளவுகோல்கள் ஆறு: எத்தனை படிகளில் கழற்றலாம், பழுதுநீக்கும் தகவல் கிடைக்கிறதா, உதிரி உறுப்பு நியாயமான காலத்தில் கிடைக்கிறதா, மென்பொருள் புதுப்பிப்பு, தேவையான கருவிகள், திருகு போன்ற இணைப்பான்கள். வரவேற்கவேண்டிய முயற்சி இது. ஆனால் இதை அப்படியே ஏற்க என்னால் முடியவில்லை.

முதற்குறை, கூட்டல். ஆறு அளவுகோலையும் சேர்த்து ஒரே எண்ணாகத் தரும் எந்தக் குறியீட்டுக்கும் இது பொருந்தும். தொடரிணைப்பில் பத்து விளக்குகள் இருக்கின்றன. ஒன்பது நன்றாக உள்ளன, ஒன்று அறுந்துவிட்டது. "பத்துக்கு ஒன்பது" என்று மதிப்பெண் போடலாம், ஆனால் ஒரு விளக்கும் எரியாது. கருவியும் அப்படித்தான். திருகு எளிதாகக் கழலும், கருவிகள் கடையில் கிடைக்கும், தகவல் ஏராளம். மென்பொருள் மட்டும் இரண்டாண்டில் நின்றுவிடும் என்றால் அந்தக் கைபேசியின் ஆயுள் இரண்டாண்டை ஒட்டித்தான். சராசரி அதை மறைத்துவிடும்.

இது கற்பனையன்று. விண்டோஸ் 10 இயக்குதளத்துக்கு இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்பு தருவதை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-இல் பொதுவாக நிறுத்தியது. நீட்டிப்புத் திட்டத்தில் பதிந்துகொண்ட தனிநபர்களுக்கு மேலும் ஓராண்டு தந்தது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, ஏறத்தாழ 2017-க்கு முந்திய செயலிகளை ஏற்பதில்லை. 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகள் பல இந்த எல்லைக்கு அப்பால்தான் நிற்கின்றன. அவற்றின் திரையோ விசைப்பலகையோ அந்தத் தேதியில் தேயவில்லை. அனுமதிதான் தேய்ந்தது. பாதுகாப்புப் புதுப்பிப்பு இல்லாத கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பது ஆபத்து என்பதும் உண்மையே. ஆகவே "ஓடுகிறதே, இருக்கட்டும்" என்று நான் சொல்லமாட்டேன். லினக்ஸ் போட்டுப் பாருங்கள் என்பேன். என் மாணவர்கள் சிலர் அப்படித்தான் ஆய்வக அறிக்கை எழுதுகிறார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. குறுகிய ஆயுள் எல்லாமே சதி என்று நினைத்துவிடக்கூடாது. அமெரிக்காவின் லிவர்மோர் தீயணைப்பு நிலையத்தில் 1901 முதல் எரியும் ஒரு மின்விளக்கை உதாரணம் காட்டி, "அந்தக் காலத்துப் பொருளைப் பாருங்கள்!" என்பார்கள். அது இப்போது தருவது இரவு விளக்கின் வெளிச்சம்தான். இழையின் வெப்பநிலை குறைந்தால் ஆயுள் கூடும், ஒளி குறையும். இயற்பியல் இரண்டையும் ஒருசேரத் தராது. ஆனால் 1924-இல் ஜெனீவாவில் கூடிய பல்பு உற்பத்தியாளர்கள், 1000 மணிக்கு மேல் எரியும் பல்பு செய்த உறுப்பினருக்கு அபராதம் விதித்தார்களே, அதற்கு இயற்பியல் மட்டும் காரணமாக முடியாது.

ஆப்பிள் நிறுவனத்தின் கதையிலும் இந்த இரண்டும் கலந்திருக்கின்றன. லித்தியம் மின்கலம் பழசாகும்போது அதன் அகத்தடை கூடுகிறது. 3.7 வோல்ட் மின்கலத்திலிருந்து செயலி ஒரு கணம் 3 ஆம்பியர் இழுக்கிறது என்று கொள்வோம். அகத்தடை 0.1 ஓம் என்றால் 0.3 வோல்ட்தான் இழப்பு. அதுவே 0.25 ஓம் ஆனால் இழப்பு 0.75 வோல்ட், கைபேசிக்குக் கிடைப்பது 2.95. மின்னழுத்தம் போதாமல் கைபேசி அணைந்துபோகும். முப்பது விழுக்காடு மின்னூட்டம் இருக்கும்போதே உங்கள் கைபேசி அணைந்ததுண்டா? இதுதான் காரணமாக இருக்கும். அப்படி அணையாதிருக்க ஆப்பிள் நிறுவனம் பழைய மின்கலமுள்ள ஐபோன்களின் செயலியை மென்பொருளால் மெதுவாக்கியது. ஓம் விதிப்படி அது சரியான வைத்தியம். ஆனால் நோயாளியிடம் சொல்லவில்லை! 2017 டிசம்பரில் செய்தி வெளிப்பட்ட பிறகுதான் மன்னிப்புக் கேட்டு, மின்கலம் மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 ஆகக் குறைத்தது. 2020-இல் பிரெஞ்சு அரசு 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. இடையில் எத்தனை பேர், மின்கலம் மாற்றினால் போதும் என்பது தெரியாமல் புதுக் கைபேசி வாங்கினார்களோ!

இரண்டாவது குறை இன்னும் பெரியது. அந்த ஆறு அளவுகோல்களுள் உதிரி உறுப்பின் விலை தனியாக இல்லை. 2021 சனவரியில் பிரான்சு கொண்டுவந்த குறியீட்டில் விலை ஓர் அளவுகோலாக இருந்தது. விலை ஏன் முக்கியம் என்பதைப் பார்க்க மீண்டும் விசிறிக்கு வருவோம்.

பழைய விசிறி 75 வாட், புதிய பி.எல்.டி.சி. விசிறி சுமார் 30 வாட். நாளுக்கு 12 மணி, ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் மிச்சமாகும் மின்சாரம் 45 × 12 × 300 = 1,62,000 வாட்-மணி, அதாவது 162 யூனிட். யூனிட் 6 ரூபாய் என்று வைத்தால் 972 ரூபாய். விசிறி 3000 ரூபாய் என்றால் மூன்றாண்டில் போட்ட பணம் திரும்புகிறது. (இலவச மின்சார அளவுக்குள் அடங்கும் வீடாக இருந்தால் ஒரு பைசாவும் திரும்பாது என்பதையும் சொல்லவேண்டும்.) ஆனால் புது விசிறியில் நூறு ரூபாய் மின்தேக்கிக்குப் பதிலாக ஒரு மின்னணுப் பலகை இருக்கிறது. நான்காம் ஆண்டில் அது பழுதாகி, பலகையின் விலை விசிறி விலையில் பாதி என்று கடைக்காரர் சொன்னால்? பலகை "கிடைக்கிறது" என்று மதிப்பெண் வாங்கிவிடும். நீங்களோ விசிறியைத் தூக்கிப் போடுவீர்கள்.

கைபேசியில் கணக்கு வேறு. நாளுக்கு ஒருமுறை மின்னேற்றினால் இழப்பையும் சேர்த்துச் சுமார் 25 வாட்-மணி. ஆண்டுக்கு 9 யூனிட். பழைய விசிறியோ ஆண்டுக்கு 270 யூனிட் தின்கிறது. ஆகவே புதுக் கைபேசி வாங்கி மின்சாரம் மிச்சம்பிடிக்க ஒன்றுமில்லை. கைபேசியால் சூழலுக்கு வரும் சுமையில் பெரும்பகுதி அது தொழிற்சாலையை விட்டு வெளிவருமுன்பே ஏறிவிடுகிறது. ஓடும்போது அதிகம் தின்னும் கருவியை, கணக்கு ஒத்துவந்தால், சீக்கிரம் மாற்றலாம்; செய்யும்போது அதிகம் தின்ற கருவியை முடிந்தவரை ஓட்டவேண்டும். மின்கலத்தின் கொள்ளளவு எண்பது விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் மின்கலத்தை மாற்றுங்கள். கைபேசியை மாற்றுவதற்கு அது காரணமாகாது.

மூன்றாவது குறை, மதிப்பெண்ணை உற்பத்தியாளரே போட்டுக்கொள்வது. தேர்வெழுதிய மாணவனிடமே விடைத்தாளைத் திருத்தக் கொடுக்கும் வழக்கம் எங்கள் கல்லூரியில் இல்லை. அதைவிட ஐரோப்பிய ஒன்றியத்தின் வழி எனக்குச் சரியாகப் படுகிறது. 2025 சூன் 20 முதல் அங்கே விற்பனைக்கு வரும் கைபேசிகளுக்கு மதிப்பெண்ணோடு குறைந்தபட்ச எல்லைகளையும் வைத்திருக்கிறார்கள். 800 முறை மின்னேற்றி இறக்கிய பிறகும் மின்கலத்தில் 80 விழுக்காடு கொள்ளளவு இருக்கவேண்டும். அந்த வகையின் விற்பனை நின்றபின் ஐந்தாண்டுகளுக்கு மென்பொருள் புதுப்பிப்பும், ஏழாண்டுகளுக்கு முக்கிய உதிரி உறுப்புகளும் கிடைக்கவேண்டும். எண்ணைக் கூட்டிக் கழித்து ஏமாற்ற இடம் குறைவு.

பெரியவரின் கேள்வி அப்படியே நிற்கிறது. பழுதுநீக்கும் உரிமைக்காக 2022-இல் எடுத்துக்கொண்ட துறைகள் நான்கு: வேளாண் கருவிகள், கைபேசி முதலிய மின்னணுப் பொருள்கள், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள். நெசவுக் கருவி அதில் இல்லை. ஆகையால் நாங்களே ஒரு தாளில் மூன்று கேள்விகள் எழுதி விற்பனையாளருக்குக் கொடுத்தோம். கட்டுப்பாட்டுப் பலகையின் இன்றைய விலை என்ன, எத்தனை ஆண்டுகளுக்குத் தருவீர்கள்? ஒரு மின்காந்தம் கெட்டால் அதை மட்டும் மாற்றலாமா, அல்லது முழுத் தொகுதியையும் மாற்றவேண்டுமா? வடிவக் கோப்பை வேறு நிறுவனத்தின் பெட்டியும் படிக்குமா?

மூன்று வாரம் கழித்து விடை வந்தது. உத்தரவாதம் ஓராண்டு, மின்காந்தத்தைத் தனியாக மாற்றலாம், கோப்பு சாதாரணப் படக்கோப்புதான், எதிலும் ஓடும். பலகையின் விலைக்கு நேராக "அப்போதைய விலை" என்று எழுதியிருந்தார்கள்.

"அப்போதைய விலைன்னா என்ன தம்பி?" என்றார்.

"அவங்க சொல்றதுதான் விலைன்னு அர்த்தம், பெரியப்பா" என்றேன்.

அவர் வீட்டில் இரண்டு தறிகள். ஒன்றில் மட்டும் புதுப் பெட்டியை ஏற்றச் சம்மதித்தார். அதிலிருந்து இறக்கிய பழைய பெட்டியைக் கேட்டு ஆள் வந்தும் விற்கவில்லை. எண்ணெய் போட்டு, அட்டைக் கட்டுகளோடு சாக்கில் சுற்றிப் பரணில் ஏற்றிவைத்திருக்கிறார்.