ஜகனின் மருமகள்

மைசூர்வாசியான தமிழர் ஆர். கே. நாராயண் 1967-இல் எழுதி வெளியிட்ட ஆங்கில நாவல் 'தி வெண்டர் ஆஃப் ஸ்வீட்ஸ்'. தந்தை–மகன் மோதல் என்றே பலரும் இதை வாசிக்கிறார்கள். என் மனம் நின்றதோ மருமகளிடம். மாலி அமெரிக்காவிலிருந்து அழைத்து வந்த கிரேஸ், வீட்டைத் துலக்கி மாமனாரையும் கவனிக்கிறாள். பிறகு மாலி அவளைத் திருப்பி அனுப்பப் பார்க்கிறான். கல்யாணமே நடக்கவில்லை என்றும் தெரிகிறது. ஆடிப்போன ஜகன் நடுக்கதவை அடைத்துக்கொள்கிறார். கடைசியில் வீட்டையே விட்டுக் கிளம்புகிறார்.

ஆனாலும், கிரேஸ் ஊர் திரும்ப விரும்பினால் தாமே டிக்கெட் வாங்கித் தருவதாக உறவினரிடம் சொல்லிவிட்டுத்தான் போகிறார். "அத்துப்போச்சு, இனி அவ யாரு நமக்கு?" என்று கேட்கும் பெரியவர்கள் நம் வீடுகளில் உண்டு. ஜகன் அப்படிக் கேட்கவில்லை. அதை அவளிடமே சொல்லியிருக்கலாமே என்பதுதான் என் குறை. மகனுக்கு விட்டுப்போன உறவு, மாமனாருக்கும் விட்டுப்போக வேண்டுமா என்ன?